இனி ஃபினிஷிங் மட்டுந்தான்

‘நானே செய்வன்’ என்று ஓர் இனம் இருக்கிறது. இலண்டனின் தெற்குப் பக்கத்தில், மிட்சம், ஸ்ட்ரெதம், கோலியர்ஸ் வுட் என்று கிழட்டு வீடுகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கும் தெருக்களில் அது நன்றாகப் பெருகியிருக்கிறது. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. காதில் ஒரு பென்சில் இருக்கும். நகத்திலே வெள்ளைப் பூச்சு இருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காராது, முதலில் சுவரைத் தட்டும், காதை வைத்துக் கேட்கும், பிறகு உங்களைத் திரும்பிப் பார்த்து, செத்த வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலிலே, “ஆளைப் பிடிச்சோ செய்விச்சனீங்கள்?” என்று கேட்கும். ஓம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தேத்தண்ணீர் ஆறிப் பாலாடை படியும் வரை, அந்த ஆள் உங்களை எப்படியெல்லாம் ஏமாற்றினான் என்று விளக்கிவிட்டுத்தான் எழும்பும்.

கோலியர்ஸ் வுட்டில் இருந்த அம்பலவாணன் இந்த இனத்துக்கு ஓர் அசல் மாதிரி. அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். ஊரில் இருந்தவரை ஓர் ஆணி அடித்தவரில்லை. கலண்டர் தொங்கவிடுவதற்கும் தச்சு வேலை செய்யும் ஓடாவியாரைக் கூப்பிட்டு அனுப்புகிற குடும்பம். அப்படிப்பட்டவர் இங்கே வந்து, விக்டோரியா மகாராணி காலத்து வீடொன்றை வாங்கி, ஒருநாள் கடையில் டிரில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். டிரில் பிடித்த கை சும்மா இருக்குமா?

அவருடைய மனைவி சிவனேஸ்வரி கேட்டது பெரிய காரியமில்லை. “இஞ்சாருங்கோ, குசினிப் பைப் ஒழுகுது. ஒருக்கால் பாருங்கோவன்” என்றாள். அவ்வளவுதான். அவர் பார்த்தார். பைப்பைக் கழற்ற சிங்க்கைக் கழற்ற வேண்டியிருந்தது, சிங்க்கைக் கழற்ற அலுமாரியைக் கழற்ற வேண்டியிருந்தது, அலுமாரியைக் கழற்றியபோது அதோடு சேர்ந்து பாதிச் சுவரும் வந்தது, சுவர் வந்த பிறகு தரையை மட்டும் எதற்கு விட்டு வைப்பான் என்று தரைப் பலகையையும் பெயர்த்தார். வேலையால் வந்த சிவனேஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள். பைப் இப்போது ஒழுகவில்லை. பைப்பே இல்லை.

“இதென்னப்பா கோலம்?”

“பயப்பிடாதையும். கனக்க வேலை முடிஞ்சுது. இனி ஃபினிஷிங் மட்டுந்தான்.”

இந்த இனத்தின் அகராதியில் ‘ஃபினிஷிங்’ என்ற சொல்லுக்கு முடிப்பது என்று பொருளில்லை. முடியாது என்று பொருள். அடுப்பு முன் அறைக்கு வந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் குடியேறியது. சோபாவில் நெத்தலிப் பொரியல் மணந்தது. வந்தவர்கள் கழற்றி வைத்த கோட்டுகள் வீட்டுக்குப் போகும்போது கறியாய் மணந்தன. சட்டி பானைகளை அவள் மாடிக்குக் கொண்டுபோய், குளிக்கிற தொட்டிக்குள் வைத்து முதுகு நோகக் குனிந்து கழுவினாள். அம்பலவாணனோ ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒற்றை ஸ்குரூ வாங்கக் கடைக்குப் போய், ஸ்குரூவை மறந்துவிட்டு இன்னொரு ஆயுதத்தோடு திரும்பி வந்தார்.

பிறகு அவருடைய கண் தொட்டியிலும் விழுந்தது.

“நாங்கள் என்ன வெள்ளைக்காரரே, எங்கட ஊத்தைத் தண்ணிக்குள்ளயே படுத்துக் கிடக்கிறதுக்கு? தொட்டிக்குள்ள வாளியை வைச்சுக்கொண்டு ஒற்றைக் காலில நிண்டு ஊத்திறம். தொட்டியே வேண்டாம். முழுத் தரைக்கும் டைல் ஒட்டி, மூலையில ஒரு ஓட்டை வைச்சு, சரிவு வைச்சு விடுறன். வாளி வாளியா அள்ளி ஊத்தலாம். எங்கட சனத்தில ஒருத்தருக்கும் இந்த யோசனை வரேல்லைப் பாரும்!”

ஏன் ஒருவருக்கும் வரவில்லை என்று அவர் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் சிவனேஸ்வரியும் யோசிக்கவில்லை. தலைக்கு அள்ளி ஊற்றி முழுகுகிற ஆசை அவளுக்கும் இருந்தது. கீழே இருப்பது கல் நிலமல்ல, நூறு வயதுப் பலகை என்பதை ஆசை மறைத்துவிட்டது. தொட்டி முற்றத்துக்குப் போய் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் ரொறன்ரோவிலிருந்து தங்கை பாலாம்பிகை போன் எடுத்தாள். புருஷனோடு இலண்டனுக்கு வருகிறாளாம். ஊரில் சண்டை தொடங்கி ஆளுக்கொரு நாட்டுக்குப் பறந்த பிறகு சகோதரிகள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை.

“உன்ர வீட்டு வேலை எல்லாம் முடிஞ்சுதோ அக்கா?”

“ஓமடி, எல்லாம் முடிஞ்சுது. இனி ஃபினிஷிங் மட்டுந்தான்” என்று சொல்லிவிட்டு சிவனேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பார்த்தீர்களா, இது தொற்று வியாதி. “உன்ர வீடு எப்பிடி?”

“என்ர வீடு பளிங்கு மாதிரிக் கிடக்கு அக்கா.”

போனை வைத்த சிவனேஸ்வரிக்கு அழுகை வந்தது. தங்கை பளிங்கு வீட்டிலிருந்து வருகிறாள். அக்கா சோபாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சமைக்கிறாள். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். தன் குசினியில், தன் அடுப்பில், பனங்கிழங்கு மா கரைத்து, நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் போட்டு ஓர் ஒடியல் கூழ் காய்ச்சி, தங்கையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் கதைத்துக்கொண்டே கிண்ணத்தில் வார்த்துக் கொடுக்க வேண்டும். அது மட்டும் நடந்தால் போதும்.

“பாலா வாறதுக்குள்ள எனக்குக் குசினி வேணும்” என்றாள். “இல்லையெண்டால் அவள் போகேக்க நானும் அவளோட கனடாவுக்குப் போயிடுவன். பளிங்கு வீட்டில இருப்பன்.”

அம்பலவாணன் அவளுடைய முகத்தைப் பார்த்தார். விளையாட்டில்லை என்று விளங்கியது. லீவு போட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும், மனிதர் மாடாய் உழைத்தார். தங்கை வந்து இறங்கிய அன்று குசினி குசினியாய் இருந்தது. மேலே டைலும் ஒட்டியாயிற்று, ஆனால் காய வேண்டுமென்று சனிக்கிழமை வரை ஒருவரையும் அள்ளி ஊற்ற விடவில்லை. ஓர் அலுமாரிக் கதவைத் திறக்க மற்றதைச் சாத்த வேண்டும், லைட்டுக்குப் போட்ட சுவிட்ச் மின்விசிறியைச் சுற்றும், அது பரவாயில்லை. சிவனேஸ்வரி புது மேடையைக் கையால் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. ‘இந்த மனுசனை வீணாய்த் திட்டிப்போட்டன்’ என்று நினைத்தாள்.

சனிக்கிழமை கூழ் அடுப்பில் ஏறியது. நண்டு சிவந்து, புளி மணந்து, வீடெல்லாம் நாவூறியது. பாலாம்பிகை ஓர் அகப்பை கிண்டிக் கொடுத்துவிட்டு, “அக்கா, குடிக்க முன்னம் ஒருக்கால் வடிவா முழுகிப்போட்டு வாறன்” என்று துவாயோடு மேலே ஓடினாள்.

மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு வாளி. இன்னொரு வாளி. நிற்கிற பாடில்லை. ‘பாவம், பிள்ளைக்கு எவ்வளவு சந்தோசம்’ என்று அக்கா பூரித்தாள். கீழே அம்பலவாணன் தன் சகலனுக்குக் குசினியைக் காட்டிக்கொண்டிருந்தார். சகலன் தியாகராஜா ஏற்கெனவே சுவரைத் தட்டிப் பார்த்தாயிற்று.

“மேல சரிவு வைச்சனீங்களோ அண்ணை?”

“வைக்காமல் விடுவனே? மட்டப் பலகை கூடப் பிடிக்கேல்லை. எல்லாம் கண் அளவு.”

சரிவு இருந்தது. அதில் பொய்யில்லை. ஆனால் அது மூலையில் இருந்த ஓட்டையைப் பார்த்து இருக்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்து இருந்தது. சுவரோரம் டைல் ஒட்டாத ஓர் இடைவெளி. அது ஃபினிஷிங்குக்காக விட்டது.

ஒரு சொட்டு மேடையில் விழுந்தது.

“கூழ் ஆவி” என்றார் அம்பலவாணன்.

குசினியின் உட்கூரை வயிறு ஊதியது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அது இன்னும் கொஞ்சம் ஊதி, முனகி, பிறகு மகாராணி காலத்துச் சுண்ணாம்பும் சாந்தும் ஈரத் தும்புமாகச் சேர்ந்து, வேறு இடமே கிடைக்காதது போல, நேரே கூழ்ப் பானைக்குள் இறங்கியது.

சிவனேஸ்வரி அகப்பையோடு நின்றாள். அகப்பையால் ஒரு சுண்ணாம்புக் கட்டியைத் தூக்கிப் பார்த்தாள். தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்த பாலாம்பிகை கூரையைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள்.

“என்னை மன்னிச்சுக்கொள் அக்கா! அளவில்லாமல் ஊத்திப்போட்டன். ஒழுங்காக் குளிச்சு எவ்வளவு காலம்!”

“ஏனடி? உன்ர வீடு பளிங்கெண்டாய்?”

“பளிங்கு பெட்டிக்குள்ள கிடக்கு. இவர் பாத்ரூமை உடைச்சுப்போட்டு விட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்குச் சோப்புப் பெட்டியோட போய்க் குளிக்கிறன். இனி ஃபினிஷிங் மட்டுந்தானாம். உன்ர வீடு முடிஞ்சுதெண்டு சொன்னாய்… இஞ்ச வந்தாவது ஒருக்கால் வடிவா முழுகுவம் எண்டுதான் அக்கா நான் ரிக்கெற் போட்டனான்!”

சிவனேஸ்வரிக்குச் சிரிப்பு எங்கிருந்து வந்ததோ, அகப்பையை விட்டெறிந்துவிட்டு ஈரத் தரையில் அப்படியே குந்திவிட்டாள். தங்கையும் பக்கத்தில் குந்தினாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள். கனடாவுக்குப் போகும் யோசனை அந்த இடத்திலேயே கைவிடப்பட்டது.

“ஒரு ஆளைக் கூப்பிடட்டோ?” என்று சிவனேஸ்வரி கண்ணைத் துடைத்தபடி கேட்டாள்.

“ஆளோ?” சகலன்மார் இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். தியாகராஜா ஏற்கெனவே கோட்டைக் கழற்றிவிட்டு, கதிரையில் ஏறிக் கூரை ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். “இது சின்ன வேலை அக்கா. நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறம்தானே? இந்தச் சுவரை மட்டும் கொஞ்சம் எடுத்துவிட்டால்…”

சகோதரிகள் எழும்பினார்கள். அடுப்பின் ஒரு பக்கத்தைப் பெரியவளும் மறு பக்கத்தைச் சின்னவளுமாகப் பிடித்து, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் குளியலறைக் கதவின் பின்னால் ஒட்டாமல் விட்ட அந்த ஒற்றை டைல் எப்படி இருக்கிறது? ‘அது வேறை, அது ஃபினிஷிங்’ என்று வாயெடுக்கிறீர்கள் அல்லவா? என்னிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. அடுத்த முறை உங்கள் மனைவி தங்கையோடு போனில் கதைக்கும்போது, வீடு எப்படி என்று தங்கை கேட்கும் இடத்தில் மட்டும், டிரில்லை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்.