முழு ஆதரவாளரும் எதிர்ப்புறக் காலி மனையும்

மனு என்று ஒன்று தெருவுக்குள் நுழைந்துவிட்டால், அது சாக்கடை மூடிக்காக வந்ததா தெருவிளக்குக்காக வந்ததா என்றுகூடப் பார்க்காமல் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஒருவர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார். முழு ஆதரவாளர் என்பது அந்த இனத்தின் பெயர். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்கும். வீட்டில் பனியனோடு உலாவுகிற நேரத்தில் அதே பேனா காதில் இருக்கும். நல்ல காரியம் எதைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள், “என்னோட முழு ஆதரவு உண்டு!” என்பார். அரை ஆதரவு, முக்கால் ஆதரவு எல்லாம் அவருக்குத் தெரியாது. ஒரு கையெழுத்தோடு முடிகிற விஷயத்தில் எதற்குக் கஞ்சத்தனம், சொல்லுங்கள்?

நாம் பார்க்கப் போகிறவர் காப்பீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் எழுதிய கடிதங்களைத் திருத்தித் திருத்தி, வெள்ளைத்தாளைக் கண்டாலே அவருக்குக் கை துறுதுறுக்கும். தெருக்காரர்களுக்கு எது வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “நீங்க விஷயத்த மட்டும் சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்று அவர் உட்கார்ந்தால், சாக்கடை மூடி கேட்கிற மனுவில்கூட நாகரிகத்தின் வளர்ச்சியும் மனித உயிரின் மேன்மையும் வந்துவிடும். மூன்றாவது பத்தியில்தான் மூடி வரும். எல்லா மனுவும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: “பொதுநலனில் எவருக்கும் இளைக்காத அக்கறை கொண்டவன் என்ற முறையில்…” இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு இதற்கு வேலை இருக்கிறது.

அவருக்கு ஒரே மகள். பதினாறு முடிந்து பதினேழு நடக்கிறது, வாலிபால் ஆடுகிறாள். ஆடுகிறாள் என்றால் எப்படி? வலையின் ஒரு முனையை விளக்குக் கம்பத்திலும் மறுமுனையை மருந்துக்கடைக்காரர் வீட்டுக் கேட்டிலும் கட்டி, தோழிகள் ஏழு பேரோடு சாயங்காலம் தெருவில் பந்தடிக்கிறாள், பைக் வந்தால் வலையைத் தூக்கிப் பிடிக்கிறாள், கார் வந்தால் அவிழ்க்கிறாள், தண்ணீர் லாரி வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், லாரி போனதும் யாருக்கு எத்தனை பாயிண்ட் என்று சண்டை போடுகிறாள். அடுத்த வருடம் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். அதற்குள் கோடு போட்ட தரையில், கம்பம் நட்ட வலையில் சில மாதமாவது ஆடிப் பழகிவிட வேண்டும். இந்தத் தேர்வை விட்டால் வயது தாண்டிவிடும். அவளுக்கு இப்போதைக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

“அப்பா, நகராட்சிக்கு ஒரு மனு எழுதித் தருவீங்களா?”

“இதென்னம்மா கேள்வி? என்னோட முழு ஆதரவு உண்டு!”

அவர் எழுதியதிலேயே தலைசிறந்த மனு அதுதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். வழக்கமான முதல் வரிக்குப் பிறகு, பந்தைத் துரத்தாத பிள்ளைகள் வேறு எதையெல்லாம் துரத்துவார்கள் என்று ஒரு பத்தி. பந்து தரையில் படும் ஓசை ஒரு தெருவின் நாடித்துடிப்பு என்று ஒரு பத்தி. (மாடிப்படியில் பன்னிரண்டு படி ஏறினால் இவருடைய நாடித்துடிப்பு எப்படி இருக்கும் என்பது மனுவில் இல்லை.) “ஒரு காலி மனை காலியாகவே கிடப்பது ஒரு தலைமுறையின் காலைக் கட்டிப் போடுவதாகும்” என்று ஒரு போடு. கடைசியில், எழுத்தின் வேகத்தில், யாரும் கேட்காமலேயே இப்படி ஒன்று: “நகராட்சி எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதை எங்கள் வீட்டு முற்றமாகவே கருதி வரவேற்போம்.”

மகள் பூரித்துப் போனாள். கவுன்சிலருக்கு ஒன்று, ஆணையருக்கு ஒன்று, பொறியாளருக்கு ஒன்று என்று தன் குண்டுக் கையெழுத்தில் பத்துப் பிரதி எடுத்தாள். ஐந்தாவது பிரதியிலேயே அது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. முதல் கையெழுத்து அப்பாவுடையது.

நகராட்சி வழக்கத்துக்கு மாறாக நான்கே மாதத்தில் சம்மதித்துவிட்டது. மனு அவ்வளவு உருக்கமாக இருந்ததா, வருட முடிவுக்குள் எதையாவது செய்து காட்ட வேண்டியிருந்ததா, நமக்குத் தெரியாது. சம்மதம் தெரிவித்த அறிவிப்பு விளக்குக் கம்பத்தில் ஒட்டப்பட்டது. வாலிபால், கூடைப்பந்து இரண்டுக்கும் இடம். சுற்றிலும் கம்பி வலை. இடம்: முழு ஆதரவாளர் வீட்டுக்கு நேர் எதிரே உள்ள காலி மனை.

மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “சார், உங்க பேனாவோட மகிமையே தனி! கேட்டத குடுத்தாங்கங்கறது மட்டுமில்ல, வாசல்லயே கொண்டுவந்து வெச்சுட்டாங்க பாருங்க!”

“ஆமாமா,” என்றார் இவர். முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அந்த மனையில் ஒரு பெரிய மரம் இருக்கிறது. அதன் நிழலில் ஆறு வருடமாக நின்றுகொண்டிருப்பது இவருடைய கார். யாரும் நிறுத்தச் சொன்னதில்லை, யாரும் எடுக்கச் சொன்னதுமில்லை. மரத்தில் குடியிருக்கிற காக்கைகளும் மைனாக்களும் காரின் மேல் தினமும் தங்கள் கருத்தைப் பதிவு செய்யும். இவர் தினமும் காலையில் ஈரத் துணியோடு போய், அவற்றின் வம்சத்தையே திட்டிக்கொண்டு துடைப்பார். மகிழ்ச்சியான வாழ்க்கைதான்.

“என்னங்க, நீங்கதானே கேட்டீங்க?” என்றாள் மனைவி.

“நம்ம ஏரியாவுக்குன்னு கேட்டேன். நம்ம வீட்டு எதிர்லன்னா கேட்டேன்?”

“அப்ப எங்கதான் போடணுமாம்?”

“பின்தெரு இருக்கே. அங்க இருக்கறவங்களுக்கு விளையாட்டுல ஆர்வம் ஜாஸ்தி.”

“பின்தெருவுல காலி இடமே கிடையாதே?”

“அது நகராட்சியோட தலைவலி.”

இங்கே நகராட்சியின் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். எந்த முடிவுக்கும் முப்பது நாள் ஆட்சேபனைக் காலம் உண்டு. ஆட்சேபனையைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். எழுதியவர் பெயரை மட்டும் வாசிக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வரக்கூடாது என்கிற நல்லெண்ணம். நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்ட காரியத்தை நிறுத்த ஒரே ஒரு ஆட்சேபனை போதும். கோப்பு ஆய்வுக் குழுவுக்குப் போய்விடும். ஆய்வுக் குழுவுக்குப் போன கோப்பைப் பார்த்தவர் யாருமில்லை.

இருபத்தெட்டாம் நாள், மதிய உணவு இடைவேளையில், அலுவலக மேசையில் இவர் அந்த ஆட்சேபனையை எழுதினார். எழுதும்போது ஒரு சங்கடம் ஏற்பட்டது. எந்தக் காரணத்தைச் சொல்ல வாயெடுத்தாலும் அதற்குப் பதில் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது, சொன்னவர் இவரேதான். கடைசியில் மரத்தில் வாழும் பறவைகள் கைகொடுத்தன. அவற்றின் அமைதியான இல்லற வாழ்வைப் பற்றி எழுதுகிறபோது இவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆறு வருடம் துணியும் கையுமாகத் திட்டியவர் அரை மணி நேரத்தில் அவற்றின் வக்கீலாகிவிட்டார். அடுத்து, தெருவிலுள்ள முதியோரின் ஓய்வு. தெருவில் முதியோர் என்று இருப்பது ஒருவர்தான், காது கேட்காது, அந்தப் பெண்களின் ஆட்டத்தைப் பார்க்க தினமும் முதலில் நாற்காலி போட்டு உட்காருகிறவரும் அவர்தான்.

எல்லாவற்றையும் மாற்றி மாற்றி எழுதியவர், பழக்கதோஷத்தில் ஒன்றை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நகராட்சி மாடி அரங்கில் நடந்தது. முன்வரிசையில் எட்டுப் பெண்களும் விளையாட்டுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் அப்பாவும் மருந்துக்கடைக்காரரும். அதிகாரி, “ஒரே ஒரு ஆட்சேபனை வந்திருக்கு, வாசிக்கறேன்,” என்று தாளைப் பிரித்தார்.

“பொதுநலனில் எவருக்கும் இளைக்காத அக்கறை கொண்டவன் என்ற முறையில்…”

மகள் மெல்லத் திரும்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். அப்பா கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மின்விசிறியை அதற்கு முன்னாலும் பின்னாலும் அவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை.

வாசித்து முடித்ததும், “இதுக்கு யாராவது பதில் சொல்றீங்களா?” என்றார் அதிகாரி. மகள் எழுந்தாள். கையில் தாள் எதுவும் இல்லை. அப்பாவின் மனுவை முதல் வரியிலிருந்து சொன்னாள். பந்தின் ஓசையைச் சொன்னாள், கட்டிப் போட்ட காலைச் சொன்னாள், “எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் எங்கள் வீட்டு முற்றமாகவே கருதி வரவேற்போம்” என்று முடித்தாள். குரல் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் உடைந்தது. அரங்கம் கை தட்டியது.

“பிரமாதம்மா. யாரு எழுதினது?”

“எங்கப்பா சார்.”

அத்தனை பேரும் திரும்பி அப்பாவுக்காக இன்னொரு முறை கை தட்டினார்கள். அவர் பாதி எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“இதக் கேட்டதுக்கப்புறம் ஆட்சேபனை குடுத்தவரே மனசு மாறியிருப்பாரு,” என்றார் அதிகாரி. “அவர் இங்க இருந்தா, சும்மா எழுந்து நின்னா போதும். இப்பவே கிழிச்சுப் போட்டுட்டு, அடுத்த வாரம் வேலைய ஆரம்பிச்சுடலாம்.”

மகள் உட்காரவில்லை, நின்றபடியே காத்திருந்தாள். அவர் நாற்காலியின் கைகளைப் பிடித்தார். உடம்பு ஒரு விரற்கடை மேலே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆளை அநியாயமாகக் குறைத்துப் பேசக்கூடாது. அப்போது பார்த்து மருந்துக்கடைக்காரர் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்து, “எந்த மனசாட்சி இல்லாத மனுஷன் சார் அது?” என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முழு ஆதரவாளரும் திரும்பிப் பார்த்தார், அது யார் என்று.

கோப்பு ஆய்வுக் குழுவுக்குப் போனது. மனை சும்மா கிடக்கக் கூடாது என்று நகராட்சி அங்கே தற்காலிகமாகக் குப்பை லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஏழு லாரிகள். ஓட்டுநர்கள் எதிலும் இடிக்காமல் லாரியைப் பின்னால் எடுக்க வேண்டுமாம். முதல் வேலையாக மரத்தை வெட்டினார்கள். பறவைகள் எங்கே போயின என்று அவற்றின் வக்கீலுக்குத் தெரியாது. கார் இப்போது வெயிலில் நிற்கிறது. காலை ஐந்து மணிக்கு ஏழு லாரியும் ஒன்றாக உறுமும். அதைத் தெருவின் நாடித்துடிப்பு என்று யாரும் எழுதவில்லை. தேர்வு வந்தது, போனது. பதினெட்டு முடிந்த மகள் வலையை மடித்துப் பரணில் போட்டாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதை எடுத்துத் தரச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லாரிகளை அகற்ற வேண்டும். அந்த இடத்தில் இளைஞர்களுக்கு விளையாட்டுத் திடல் அமைக்க வேண்டும். எழுதி முடித்து, பிரதி எடுக்க மகளிடம் நீட்டினார். அவள் முழுவதும் படித்தாள்.

“‘எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும்’னு இந்தத் தடவையும் போடவாப்பா? இல்ல, இடத்தோட பேரயே எழுதிடலாமா?”

அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். “பேரயே எழுதிடும்மா,” என்றார். அவள் எழுதினாள், பத்துப் பிரதியும் எழுதினாள். கையெழுத்து இடும் இடத்தில் முதல் வரியை அப்பாவுக்காகக் காலியாக விட்டிருந்தாள். அவருக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கையெழுத்துப் போட நேரமெடுத்தது.

சிரித்தீர்கள்தானே? நன்றாகச் சிரியுங்கள். உங்களுக்கும் இந்த இனத்துக்கும் சம்பந்தமே இருக்காது. நீங்கள் மனுவை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறவர். நாளைச் சாயங்காலம் விளையாட்டுச் சட்டை போட்ட ஒரு பெண் உங்கள் வீட்டு மணியை அடித்து, ஒரு தாளை நீட்டுவாள். அதில் “இடம்” என்று ஒரு வரி இருக்கும். நீங்கள் அதை முதலில் தேட மாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

சரி, அப்படியானால் இப்போது எதற்காக எழுந்து போய் சன்னல் வழியாக எதிர்ப்புறத்தைப் பார்க்கிறீர்கள்?