மேலவாசல் கோபுரத்தின் முத்திரை

சங்கரன்கோவில் மேலவாசல் கோபுரத்துக்கு எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. ஊருக்குள் நுழையும் பழைய பாதையில் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அதன் நெற்றியில் ஒரு கல் முத்திரை. மழையும் வெயிலும் அரித்ததில், ஏதோ ஒரு பிராணி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் மிச்சமில்லை.

தொன்மைச் சின்னப் பிரிவின் எழுத்தர் நெல்லைநாயகம் ஏணி போட்டு ஏறினார், தடவிப் பார்த்தார், "பிராணி இன்னதென்று தெரியவில்லை" என்று அறிக்கை எழுதினார். இருபத்தாறு வருட சர்வீஸில் இவ்வளவு உண்மையாக அவர் எதையும் எழுதியதில்லை.

அதிகாரி மீனலோசினி கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, 'தெரியவில்லை'ன்னு போட கம்ப்யூட்டர்ல கட்டமே இல்ல. மீன், புலி, குதிரை, பன்றி. நாலுல ஒண்ணத் தொடுங்க."

"தெரியாதத எப்படிம்மா தொடுதது?"

"இன்னைக்குக் கடைசி நாள். தொடலைன்னா உங்களுக்குத்தான் மெமோ."

பட்டியலில் முதலில் இருந்த மீனைத் தொட்டார். அந்த நிமிடம் முதல் மேலவாசலுக்கு வரலாறு உண்டாயிற்று.

மறுநாளே, அது குதிரைதான் என்று சாதிக்கும் உள்ளூர்ப் பிரமுகர் துரைப்பாண்டி நாற்பது பேருடன் வந்துவிட்டார்.

"என்னவே, எங்க முப்பாட்டன் குதிரைய மீனாக்கிட்டீரு?"

பின்னாலேயே புலிக்காரர்கள் பிளெக்ஸோடு வந்தார்கள். பன்றிக்காரர்கள் மறியல் செய்தார்கள். அதுவரை அண்ணாந்துகூடப் பார்க்காத ஊர், கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றது.

சமாதானக் கூட்டம் கூடி ஒருமனதாகத் தீர்மானித்தது: குதிரைத் தலை, புலி வரி, பன்றிக் கோரைப்பல், மீன் வால் கொண்ட பன்னிரண்டடி முத்திரை நிறுவப்படும்.

"அப்படியொரு மிருகமே கிடையாதேம்மா!" என்றார் நெல்லைநாயகம்.

"ஆர்டர் போட்டாச்சு அண்ணாச்சி. இனிமே உண்டு."

புதிய முத்திரையின் எடையைப் பழைய கோபுரம் தாங்காது என்று பொறியாளர் சான்று கொடுத்தார். எனவே, முத்திரையின் பாதுகாப்பு கருதி, கோபுரம் அப்புறப்படுத்தப்பட்டது. இரண்டே நாளில் வேலை முடிந்தது.

காலியிடத்தில், சிமென்ட் மேடைமேல் அந்த மிருகம் நின்றது. ஊரே குடும்பத்தோடு வந்து செல்பி எடுத்தது. 'மேலவாசல் காத்த செம்மல்' என்ற விருதை நெல்லைநாயகத்துக்கு அறிவித்தார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் மேடை ஏறினார். கைதட்டல் பலமாக இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுவாரம் முந்நூறு பேர் கையெழுத்திட்ட மனு வந்தது. கோபுரத்தைக் கேட்டு வந்திருக்கும் என்று நினைத்துப் பதறிப் பிரித்தார். மிருகத்துக்கு வால் சின்னதாக இருக்கிறதாம்.

பெருமூச்சு விட்டு, ஓரத்தில் எழுதினார்: "வால் பரிசீலனையில் உள்ளது."