எதிர்வீட்டில் நான்காம் நாள்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

எதிர்வீட்டிலிருந்து மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, காப்பியின் வாசனை இருவருக்கும் தெரிகிறது. அங்கு உங்கள் மூவரின் நலத்தை ஜன்னல் வழியாக அவ்வப்போது தெரிந்துகொள்கிறேன். போனில் பேசினால் நீட்டி முழக்குகிறேன் என்று, "எதுவா இருந்தாலும் எழுதிக் குடுத்துடுங்க மாமா" என்றீர்கள். ஆகவே எழுத்தில் தருகிறேன். கவரை ஒரு நாள் வெயிலில் போட்டுவிட்டுப் பிரிக்கவும்.

பேத்தி பிறந்ததும் ஊரின் அந்தக் கோடியிலிருந்து உங்கள் எதிர்வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது அவளைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான். நோய்க் காலத்தில் பத்திரமாக வீடு மாறுவதற்கு நீங்கள் இருபத்து மூன்று விதிகள் எழுதித் தந்தீர்கள். மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிறவர் எழுதியதில் குறை சொல்ல இடமில்லை. குடிவந்த பின் பதினான்கு நாள் வெளியாள் யாரையும் நெருங்காமல் இருந்தால் பதினைந்தாம் நாள் பிள்ளை எங்கள் கைக்கு வரும். நடுவில் யாராவது நெருங்கினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. நான் முப்பத்தொரு வருடம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை போட்டவன். பத்து கிராம் குறைந்தாலும் திருப்பி அனுப்பியவன். எனக்கு இந்த விதி பிடித்தே இருந்தது. நாங்கள் குடிவந்து இன்றோடு இருபத்தொரு நாள். விதிப்படி இன்று நான்காம் நாள். அது எப்படி என்று சொல்கிறேன்.

முதல் நாள் சாமான் இறக்க நாலு பேர் வந்தார்கள். விதிப்படி நானும் உங்கள் அத்தையும் மொட்டைமாடிக்குப் போய்விட்டோம். எந்தச் சாமான் எங்கே என்று அங்கிருந்தே கத்தினேன். நான் மாஸ்க்குக்குள்ளிருந்து கத்த, அவர்கள் மாஸ்க்குக்குள்ளிருந்து "சரி சார்" என்றார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர்கள் போன பிறகு இறங்கி வந்து பார்த்தால் பீரோ சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நாங்கள் இருவரும் தள்ளினோம். அது அசையவில்லை, என் இடுப்புதான் அசைந்தது. பெட்டிகளை மருந்துத் தண்ணீரால் துடைக்கச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா, துடைத்தோம். மேலே எழுதியிருந்த எழுத்தெல்லாம் துணியோடு வந்துவிட்டது. நாற்பத்தொரு பெட்டிகளில் எதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டருக்காகப் பத்தொன்பது பெட்டிகளைப் பிரித்தோம். அது என் செருப்புகளோடு இருந்தது. இரண்டு நாள் ரொட்டியும் பழமுமாக ஓட்டினோம். மூன்றாம் நாள் உங்கள் அத்தை, "ஒண்ணு பீரோ நகரணும், இல்ல நான் நகரணும்" என்று சொல்லிவிட்டாள். ஆட்களைக் கூப்பிட்டேன். இந்த முறை கூடவே நின்று இடம் காட்டினேன். எண்ணிக்கை ஒன்றுக்கு வந்தது. போகும்போது அவர்களுடைய மேஸ்திரி, "எதிர் பால்கனில பார்த்தேன் சார், உங்க பேத்தியா? மூக்கு அப்படியே நீங்கதான்" என்றார். லாரியை உங்கள் வாசலில் நிறுத்தியதால் அவர் பார்த்துவிட்டார். நான் அதுவரை பார்க்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

அந்த எண்ணிக்கையில் ஆறாம் நாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது கதவு தானாகத் திறந்து ஒரு பெரியவர் உள்ளே வந்தார். முன்பு இங்கே குடியிருந்தவராம். இன்னொரு சாவி அவரிடம் இருந்திருக்கிறது. பல்செட்டைக் குளியலறை மாடத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டாராம். பல் இல்லாததால் அவர் சொல்வது எனக்குப் புரியவில்லை. எனக்குப் புரியவில்லை என்று அவர் மாஸ்க்கைக் கழற்றினார். அப்போதும் புரியவில்லை என்று கிட்டே வந்தார். பல்லைப் போட்டுக்கொண்ட பிறகு, "ரொம்ப நன்றிங்க, மூணு வாரமா கஞ்சிதான்" என்று தெளிவாகச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி ஒன்று.

இந்த எண்ணிக்கையில் பத்தாம் நாள் வரை ஈ காக்கை அண்டவில்லை. பதினோராம் நாள் சமையலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டது. வீடு முழுக்கத் தண்ணீர். பிரிக்காத பெட்டிகள் மிதக்க ஆயத்தமாயின. பிளம்பர் வந்தார். தூர நின்று வேலையைப் பார்க்கலாம் என்றால், "சார், டார்ச்சைப் பிடிங்க, எனக்கு ரெண்டு கைதான்" என்றார். தொட்டிக்கு அடியில் அவர் தலையும் என் தலையும் நாற்பது நிமிடம் ஒரு ஜாண் இடைவெளியில் இருந்தன. அவர் இரண்டு முறை தும்மினார். "தூசி சார்" என்றார். இருக்கலாம்.

உங்கள் அத்தையின் கட்சி வேறு. "யாருக்குத் தெரியப்போவுது? வாயை மூடிக்கிட்டு இருந்தா போன வாரமே பிள்ளையைத் தூக்கியிருக்கலாம். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னா இதான்" என்கிறாள். இதை எழுதும்போதும் பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொள்கிறாள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. சாயங்காலம் பிள்ளை அழுவது இங்கே கேட்கிறது. அழுகை நிற்கும் வரை நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை. ஆனாலும் விதி விதிதான். பிளம்பர் வந்த நாளையே முதல் நாளாகக் கொண்டு, இன்னும் பத்து நாள் காத்திருக்கச் சம்மதிக்கிறேன். நீங்களும் இரக்கம் காட்டக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேத்திக்கு ஆயுளும், என் பெண்ணுக்குத் தூக்கமும், உங்களுக்கு எல்லா மேன்மையும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
ஆறடி தள்ளி நின்று ஆசீர்வதிக்கும்
மாமனார்

பி.கு.: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். கவரை உங்கள் வீட்டுக் கேட்டில் கட்டிவிட்டுத் திரும்பத்தான் வந்தேன். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். உள்ளேயிருந்து ஓடி வந்த என் பெண், "அப்பா, கொஞ்சம் பிடிங்க, அடுப்புல பால் பொங்குது" என்று பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். அவளுக்கு மூன்று வாரமாகத் தூக்கமில்லை, விதி எங்கே ஞாபகம் இருக்கும்? எனக்கு இருபத்து மூன்றும் ஞாபகம் வந்தன. வாங்கிய பிள்ளையைக் கீழே வைக்கச் சொல்லி ஒன்றிலும் இல்லை. என் கைக்கு மூன்றரை கிலோ என்று பட்டது. முத்திரை போடாத தராசு, கூடக்குறைய இருக்கும். கண்ணாடி வேறு ஈரமாகிவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போன பின் ஜாண் என்ன, முழம் என்ன என்று உள்ளே வந்து உட்கார்ந்து, உங்கள் மேஜையில் இதை எழுதுகிறேன்.

வெளியாளை நெருங்கிவிட்டால் இருக்கிற இடத்தை விட்டுப் பதினான்கு நாள் அசையக் கூடாது என்பது உங்கள் விதி. அதனால் நான் இனி இங்கிருந்து போக முடியாது. என்னோடு இருந்தவள் என்ற முறையில் உங்கள் அத்தையும் துணிமணிகளோடு வந்து சேர்ந்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால், இந்த வீட்டில் தினமும் வெளியே போய் வருகிறவர் நீங்கள் ஒருவர்தான். எதிர்வீடு காலியாக இருக்கிறது. சாவியைக் கேட்டில் மாட்டியிருக்கிறேன். சாப்பாடு எட்டு மணிக்கு வாசலுக்கு வந்துவிடும். பிள்ளையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், நன்றாகவே தெரியும்.