பந்தைக் கீழே விடாத மைனஸ் சார்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை, மேலே எறிந்த பந்தைக் கீழே விழ விடாத ஒரே இயற்பியல் ஆசிரியர் எங்கள் மைனஸ் சார்தான். கரும்பலகையில் கணக்கின் நான்காவது வரிக்குள், பந்தைக் கீழே இழுக்கும் மைனஸ் குறி காணாமல் போய்விடும், பந்து வானத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். எங்கள் பாகலூர்க் கல்லூரிப் பையன்கள் வீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எது பேசினாலும் வகுப்பில் "சார், மைனஸ்" என்று ஒரே குரலில் கத்துவார்கள்.

அப்படிப்பட்டவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது ஈர்ப்புவிசை! கட்டுக்கட்டாகக் காகிதம் தின்னும் அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டார். எண் இல்லாமல் வெறும் எழுத்தாகக் கொடுத்தாலும் சமன்பாட்டைச் சுருக்கித் தரும் மென்பொருள் அது. ஆசிரியராகுமுன் தொழிற்பேட்டையில் சிஎன்சி என்னும், கணினி சொல்படி இரும்பு கடையும் மெஷினை ஓட்டியவர் என்பதால், கணக்கு முடியும்வரை கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார். மெஷின் ஓடும்போது ஆப்ரேட்டர் உட்காரக் கூடாதாம்.

ஆய்வுக் கட்டுரையில், கணக்கைப் போட்டது மென்பொருள் என்று எழுதி, தான் தந்த கட்டளைகளையும் பின்னால் இணைத்தார். அவருக்கு வழிகாட்டியான துறைத்தலைவருக்கு இது மானப் பிரச்சினை.

"அந்த வரிய எடுத்துருங்க. கையில போட்டதா இருக்கட்டும். இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சிஎன்சில ஓட்டுன பார்ட்ட அரத்துல ராவுனேன்னு சொல்லச் சொல்றீங்களா சார்? பட்டம் வராட்டிப் போவுது. பொய் எழுத மாட்டேன்."

கட்டுரையைத் தனியாகவே ஆய்விதழுக்கு அனுப்பினார். பட்டம் அவ்வளவுதான் என்று ஊழியர் அறையே முடிவு கட்டியது. அதே அறையில் இருந்த எனக்கோ அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, பெருமையாகவும் இருந்தது.

பதில் வந்தது. கட்டுரையைச் சோதித்தவர் அதே கட்டளைகளை ஓட்டிப் பார்த்திருக்கிறார். சார் தட்டச்சு செய்ததில் ஒரு மைனஸ் விட்டுப்போயிருந்தது! துறைத்தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரைவிடப் பலமாகச் சிரித்தவர் மைனஸ் சார்.

"அந்த வரி இருந்ததாலதான சார் ஆப்புட்டுச்சு? கையில போட்டேன்னு எழுதியிருந்தா தப்போடவே அச்சாகியிருக்கும்."

திருத்திய கட்டுரை அந்த வரியோடுதான் அச்சானது. துறைத்தலைவரும் பட்டத்துக்கான தாளில் கையெழுத்துப் போட்டார்.

பட்டம் வாங்கியதும் மைனஸ் சார் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவர் ஒரு குறியையும் விடுவதில்லை. எறிந்த பந்து ஒழுங்காகக் கீழே விழுகிறது. எனக்குத்தான் அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.