டார்மோவைத் தேடி வந்த பதவிகள்

டார்மோ கூட்டத்தின் நடுவே வெளியே போய் போன் பேசிவிட்டு உள்ளே திரும்பியபோது, யாரன்பெல் ஊர் மண்டபத்துக்குச் செயலாளராகியிருந்தான்.

"கைதட்டுங்கப்பா, செயலாளர் வந்துட்டாரு!" என்றார் ஆட்டுப்பண்ணைக் கிளைவ்.

டார்மோவுக்குக் கண் கலங்கிவிட்டது. எஸ்தோனியா கம்பெனி வேலையை எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாமென்று இந்த ஆஸ்திரேலியச் சிற்றூருக்கு வந்தவன் அவன். இதுவரை பேச்சுத்துணை லேப்டாப்தான். குளிர்காலம் முடிவதற்குள் ஒரு சிநேகிதனாவது கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிவிடுவது என்றிருந்தான். இப்போது பதவியே கொடுத்துவிட்டார்களே!

பதவி என்றால் அடைத்துக்கொண்ட கழிப்பறை, ஒழுகும் கூரை. உதவிக்கு ஆள் பிடிக்க டென்னிஸ் கிளப் கூட்டத்துக்குப் போனான். பாதியில் எஸ்தோனியாவிலிருந்து மேனேஜர் போனில் கூப்பிட்டார். அவருக்கு ஆபீஸ் நேரத்தில்தான் இங்கே மாலைக் கூட்டங்கள் நடக்கும். பேசிவிட்டு வந்தால், கிளப் தலைவரும் அவன்தான்.

"எனக்கு டென்னிஸே தெரியாதே!"

"தலைவருக்கு எதுக்கு மாப்ள ஆட்டம்? வலை கட்டத் தெரிஞ்சா போதும்," என்றார் கிளைவ்.

அடுத்த கூட்டத்துக்கு, வம்பே வேண்டாமென்று, காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொண்டான். ஊர்க் கண்காட்சியின் கேக் போட்டிக்கு அவனை நடுவராக்கிவிட்டார்கள்.

மேவிஸின் கேக்குக்குப் பரிசு கொடுத்தான். மறுநாள் மளிகைக் கடையில், போட்டியில் தோற்ற நோரீன், "பால் இல்ல" என்றாள். அவள் முதுகுக்குப் பின்னால் வரிசையாகப் பால் இருந்தது. சமாதானத்துக்காக, கேக் செய்த எல்லோருக்குமே முதல் பரிசு என்று அறிவித்தான். மேவிஸும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

போதுமடா சாமி என்றாகிவிட்டது. எல்லாப் பதவிகளையும் விட்டுவிட்டு என் சொந்த ஊருக்கே திரும்புகிறேன், புது ஆட்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கூட்டம் போட்டான்.

வழக்கமாக ஐந்தாறு தலை தெரியும் மண்டபத்தில் அன்று நிற்க இடமில்லை. காலில் மாவுக்கட்டோடு ஒரு பெரியவர். கைக்குழந்தையோடு ஒருத்தி. நோரீன் கடையையே பூட்டிவிட்டு வந்திருந்தாள், கையில் பாலோடு.

"போயிடாதே மாப்ள! நீ இல்லாம நாங்க என்ன பண்ணுவோம்?" கிளைவ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் தீர்ப்பு சரிதான்யா. என் கேக் கல்லு மாதிரிதான் இருந்துச்சு," என்றாள் நோரீன்.

டார்மோவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "போகல! இங்கேயே இருக்கேன். எல்லாப் பதவியையும் நானே பாத்துக்கறேன்!"

கைதட்டலில் ஒழுகும் கூரை கிடுகிடுத்தது. ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி விருந்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டுமென்று கிளைவும் மேவிஸும் சண்டையே போட்டார்கள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

டீ ஊற்றிக்கொண்டிருந்த பெரிலிடம் போய், "எனக்காக ஊரே திரண்டு வரும்னு நான் நெனைக்கவே இல்லக்கா," என்றான்.

"வராம இருப்போமா தம்பி? கூட்டத்துக்கு வராதவன் தலையிலதானே இங்க பதவியைக் கட்டுவோம்!"