இடது பாக்கெட்டு வைத்தியம்

எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கே இரண்டு வரிசை நிற்கும். ஒன்று அரசு ஆஸ்பத்திரி லேப் வாசலில். அதில் நிற்பவர்கள் முகத்தைத் துணியால் மூடியிருப்பார்கள். இன்னொன்று எதிரே, பழைய டைப்ரைட்டிங் கிளாஸ் மாடியில், தெளிவு ஐயாவைப் பார்க்க. அங்கே எல்லோரும் தலைநிமிர்ந்து நிற்பார்கள். இரண்டிலும் பாதிப்பேர் ஒரே ஆட்கள்தான். என் வீட்டு ஜன்னல் நடுவில் இருக்கிறது. நான் வேவு பார்க்கவில்லை. ஜன்னலை அங்கே வைத்தது கொத்தனார்.

தெளிவு ஐயா எச்.ஐ.வி. ரத்தத்தைச் சுத்தம் செய்கிறவர். கண்ணாடி டம்ளரில் மை மாதிரி கறுப்புத் தண்ணீர். அதில் உங்கள் விரலிலிருந்து ஒரு சொட்டு. ஐயா கண்ணை மூடி, கோட்டுப் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குச்சியை எடுத்துக் கலக்குவார். ரத்தம் கெட்டிருந்தால் கறுப்பு அப்படியே நிற்கும். இன்னும் நாலு வாரம் வரவேண்டும். சுத்தமாகிவிட்டால் தண்ணீர் பளிச்சென்று தெளியும். பார்த்தவர்கள் அழுதுவிடுவார்கள். கட்டணம் கிடையாது, கவர் கொடுத்தால் தடுக்கமாட்டார். ஒரே நிபந்தனை, ஆஸ்பத்திரி மாத்திரையை அவர் கண்முன்னால் கூடையில் போட்டுவிட வேண்டும். விஷமாம்.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தபால்தான். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உடம்பில் கிருமி எவ்வளவு என்று எண்ண, ரத்தம் தலைநகர் போய் ரிப்போர்ட்டாகத் திரும்ப இரண்டு மாதம் ஆகும். மாத்திரை சாப்பிட்ட காலத்தில் எடுத்த ரத்தத்தின் நல்ல ரிப்போர்ட், மாத்திரையைக் கூடையில் போட்ட பிறகு வந்து சேரும். "பாத்தீங்களா?" என்பார் ஐயா. எல்லோரும் பார்த்தார்கள். தேதியை மட்டும் பார்க்கவில்லை.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருத்தி எங்கள் மேல்மாடித் தையல்காரி. கணவர் நோயை இவளுக்கு விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். நான்கு வருடம் ஒருநாள் தவறாமல் மாத்திரை, பிறகு அதுவும் ஐயாவின் கூடைக்குப் போனது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் தெருவில் யாரிடமும் சொன்னதில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தியாகம் என்று புரியும். இப்போது அவளே சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். நல்ல ரிப்போர்ட் வந்த மறுநாளே மாத்திரை மேல் இருந்த மிச்ச நம்பிக்கையும் போய்விட்டது. நன்றிக்கு ஐயாவுக்குப் புதுக் கோட்டு ஒன்றும் தைத்துக் கொடுத்தாள்.

அந்த மாதம் லேப்புக்குக் கிருமியை இங்கேயே எண்ணுகிற மெஷின் வந்தது. ஏதோ ஒரு நாடு உதவியாகக் கொடுத்தது. மெஷின் மட்டுமல்ல, குளிர்ப்பெட்டிகள், ரத்தம் கொண்டுவர மோட்டார் சைக்கிள், எங்கள் லேப் அம்மாவுக்கு ஆறு வாரப் பயிற்சி. ஊர் ஊராகத் தனித்தனியே கிடந்த லேப்களைத் தலைமை லேப்போடு கோத்துவிட்டார்கள். இரண்டு மாதம் மூன்று நாளாகச் சுருங்கியது. தெருவுக்குச் சந்தேகம் வந்தது. வெளிநாட்டான் சும்மா கொடுப்பானா, உள்ளே கேமரா இருக்கும் என்றார் பேப்பர்க்காரர். மாத்திரையைக் கூடையில் கொட்டியவர்கள் எல்லோரும் ஆமாம், எதையும் யோசித்துத்தான் நம்பவேண்டும் என்றார்கள்.

தையல்காரியும் ரத்தம் கொடுத்தாள். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஐம்பதுக்குள் இருந்த கிருமிக் கணக்கு எண்பதாயிரம். லேப்புக்குத் துணைக்குப் போனேன். கூப்பிடவில்லை, போனேன்.

"மெஷின் பொய் சொல்லுதுன்னு ஐயா சொல்றாரே," என்றாள் தையல்காரி. "நான் எதை நம்பறது?"

"ரெண்டையும் நம்பாதே. ரெண்டையும் சோதிச்சுப் பாரு," என்றார் லேப் அம்மா.

மெஷினை எப்படிச் சோதிப்பதாம்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமை லேப்பிலிருந்து ஐந்து குழாய் வருமாம். பேர் இருக்காது, நம்பர் மட்டும். எதில் கிருமி இருக்கிறதென்று அனுப்பியவர்களுக்குத் தெரியும், லேப் அம்மாவுக்குத் தெரியாது. தப்பாகச் சொன்னால் சரியாகும்வரை யாருக்கும் ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது.

மறுநாள் காலை, மாடியில் கூட்டம் நிறைந்திருந்தபோது, லேப் அம்மா ஐந்து குழாயோடு ஏறிவந்தார். ஒன்று முதல் ஐந்து வரை நம்பர். எது சுத்தம், எது கெட்டது என்று ஐயா சொன்னால் போதும் என்றார். ஐம்பது பேர் பார்க்கிறார்கள். ஐயாவால் மறுக்க முடியவில்லை. ஐந்து டம்ளர், ஐந்து சொட்டு. கண் மூடினார். ஒன்றும் நான்கும் தெளிந்தன. மற்றவை கறுப்பு.

"அஞ்சும் என் ரத்தம்தான். இன்னைக்குக் காலையில எடுத்தது. இந்தக்கா பக்கத்துல நின்னு பாத்தாங்க," என்று என்னைக் காட்டினார் லேப் அம்மா. வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொல்வதை ஒரு கூட்டம் நம்பத் தயாராக இருந்தது. தலையாட்டினேன்.

ஐயா அசரவில்லை. "ஒரே உடம்புல நல்ல ரத்தமும் ஓடும், கெட்ட ரத்தமும் ஓடும்மா."

பாதிக் கூட்டம் ஆமோதித்தது. எனக்கு உட்கார இடம் தேவைப்பட்டது.

அப்போது தையல்காரி முன்னால் வந்தாள். "ஐயா, இந்தக் கோட்டு தைச்சவ நான். இடது பாக்கெட்டுக்கு மட்டும் உள்ளே ரெக்சின் வெச்சுத் தைக்கச் சொன்னீங்க. எதுக்குன்னு அன்னைக்குக் கேக்காம விட்டுட்டேன்."

அளவெடுக்கிற கைக்கு எந்தக் கோட்டும் புதிதல்ல. அவர் நகர்வதற்குள் இடது பையிலிருந்து இன்னொரு குச்சியை எடுத்துவிட்டாள். நுனியெல்லாம் வெள்ளைப் பொடி. மேஜையில் யாருக்கோ தயாராக இருந்த கறுப்பு டம்ளர். சொட்டு ரத்தம் விடவில்லை. கலக்கினாள். பளிச்சென்று தெளிந்தது.

லேப் அம்மா பொடியைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளைகள் சப்புகிற புளிப்பு வைட்டமின் மாத்திரை, தண்ணீரில் இருப்பது கஞ்சியும் அயோடினும், பொடி பட்டால் கறுப்பு போய்விடும், இதைப் பள்ளிக்கூடத்திலேயே செய்து காட்டுவார்கள் என்றார்.

ஐயாவுக்கு வெளியூரில் அவசர வேலை வந்துவிட்டது. மக்கள் அவரைத் துரத்தவில்லை, கூடையைத்தான் சூழ்ந்தார்கள். கலந்து கிடந்ததில் யாருடைய மாத்திரை எது என்று ஐயாவுக்கே தெரியாது. அதைத் தொடாதீர்கள், டாக்டரைப் பார்த்துப் புதிதாக வாங்குங்கள் என்று லேப் அம்மா விரட்டினார். வரிசையில் முதலில் நின்றது தையல்காரி, முகத்தை மூடாமல்.

மூன்று மாதத்தில் எண்பதாயிரம் நானூறாக இறங்கியது. அவள் ரிப்போர்ட்டில் முதலில் பார்த்தது தேதியை.

அன்று பேப்பர்க்காரர் லேப்புக்குள் எட்டிப் பார்த்து மெஷினைக் கையெடுத்துக் கும்பிட்டார். "கும்பிடாதீங்க," என்றார் லேப் அம்மா. "போன வாரம்தான் இதுக்கும் பரீட்சை வெச்சோம்."

கடல் தாண்டி வந்த மெஷினுக்கே மூன்று மாதத்துக்கு ஒரு பரீட்சை. நம்முடைய ஐயாக்களை மட்டும் பரீட்சையே வைக்காமல் பாஸ் போட்டுக்கொண்டிருக்கிறோம். மாடி இப்போது காலியாகத்தான் இருக்கிறது. நேற்று ஒருவர் வாடகைக்குக் கேட்டு வந்தார். கோட்டில் எத்தனை பாக்கெட்டு என்று எண்ணிவிட்டுத்தான் வழி சொன்னேன்.