முன் தண்டு, இடப்பக்கம்

கொலோன்,
ஞாயிற்றுக்கிழமை.

பேரன்புமிக்க ரஞ்சினி மாமிக்கு,

தங்கள் தம்பி செல்வராசாவின் மகன் வினோஜன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் மூவரும் நலம். அவ்விடம் தங்கள் முழங்காலும், பல்கனியில் நிற்கும் கறிவேப்பிலை மரமும் எவ்வாறு உள்ளன என அறிய ஆவல். என்னிடம் ஏதும் கேட்பதென்றால் தமிழில் கடிதம் எழுதிக் கேள், போனில் வரும் துண்டுச் செய்திக்குப் பதில் தரமாட்டேன் என்று தாங்கள் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் இம்மடலை வரைகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அப்பாவுக்குப் போன் எடுக்க வேண்டும். அமெரிக்காவில், சோளத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னக் கல்லூரி, தங்கள் அணிக்கு விளையாட வா, படிப்பும் தருகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் ஓமா இல்லையா சொல் என்று கேட்டிருக்கிறது. அப்பா ஓம் என்றும் சொல்கிறாரில்லை, இல்லை என்றும் சொல்கிறாரில்லை. ஒரு கிழமையாக என்னோடு கதைப்பதே இல்லை. எனக்குச் சோறு வேணுமோ எண்டு அம்மாட்டைத்தான் கேக்கிறார், நான் பக்கத்துக் கதிரையிலை இருக்கிறன். எனக்கு இருபது வயசு, அப்பாடை கையெழுத்து ஒருத்தருக்கும் தேவையில்லை. ஆனா அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க நான் பிளேன் ஏற ஏலாது மாமி. அவர் இந்த உலகத்திலை பயப்பிடுறது தன்ரை அக்காவுக்கு மட்டும்தான்.

கார்ல்ஸ்ரூஹேயிலை உங்கடை வீட்டிலை சாப்பிட்டுக்கொண்டு படிச்ச கம்பியூட்டர் படிப்பைப் பாதியிலை விட்டிட்டு ஓடினவனுக்கு என்ன விளையாட்டு எண்டு கேப்பியள். ஓம், அதே ஆள்தான். வகுப்பிலை இருந்தா என்ரை கால் தானா ஆடும், மேசையும் சேர்ந்து ஆடும், முன்னாலை இருக்கிறவன் திரும்பிப் பாப்பான். இங்கை வந்து சாமான் ஏத்தி இறக்கிற வேலைக்குப் போனன். அங்கை ஜூலியன் எண்டு ஒரு ஜேர்மன் பெடியன், என்ரை உயரம்தான், நான் தனிய ஒரு ஃபிறிஜ்ஜைத் தூக்கிக்கொண்டு படியேறினதைக் கண்டிட்டு அண்டைக்கே தன்ரை கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனான். இது எங்கடை பெடியள் காலாலை அடிக்கிற விளையாட்டில்லை. தலைக்கவசம் போட்டு, முட்டை மாதிரிப் பந்தோடை விளையாடுற அமெரிக்க விளையாட்டு. பந்தை எறியிறவன் பின்னாலை நிப்பான், அவனை விழுத்த வாறவங்களை மறிச்சுக்கொண்டு நான் முன்னாலை இடப்பக்கம் நிக்கவேணும். அவ்வளவுதான் என்ரை வேலை.

முதல் மச்சுக்கு அம்மாவும் அப்பாவும் வந்தவை. நடுவர் பிழை கண்டு மஞ்சள் துணியை எறிய, பாவம் மனுசன்ரை லேஞ்சி விழுந்திட்டுது எண்டு அம்மா மைதானத்துக்குள்ளை இறங்கி, அதை எடுத்து உதறி, நாலா மடிச்சு அவரின்ரை கையிலை குடுத்தா. அவர் டாங்கே எண்டு சொல்லி வாங்கிப்போட்டு எங்களுக்கு இன்னொரு தண்டனை தந்தார். அப்பா முழுக்க நிண்டு பாத்திட்டு, "ஒருக்காலும் நீ பந்தைத் தொடேல்லை. பிறகென்ன பந்து விளையாட்டு?" எண்டார்.

"சாமி காவுறவனும் சாமியைப் பாக்கிறேல்லை, அப்பா" எண்டன். அவர் போய்க் காரை ஸ்டார்ட் பண்ணினார்.

அது சும்மா சொன்ன கதையில்லை, உங்களுக்குத் தெரியும். கோயில் திருவிழாவிலை தண்டைத் தோளிலை வைச்சுச் சாமி காவுற பெடியளுக்கு அப்பாதான் பொறுப்பு. உயரம் பாத்து ஆளாளா நிப்பாட்டுறது அவர்தான், ஒருத்தன் கட்டையெண்டாச் சாமி அந்தப் பக்கம் சரிஞ்சிடும். பதினாறு வயசிலை இருந்து நான் முன் தண்டு, இடப்பக்கம்.

அமெரிக்காக்காரர் வீடியோ கேட்டவை. அதை வெட்டி ஒட்டித் தந்தது உங்கடை மகன் தாரகன் மச்சான்தான். அவர் கலியாண வீடியோ செய்யிறவர் எண்டது எனக்கு அப்ப ஞாபகம் வரேல்லை. முதலிலை பிள்ளையார் வாறார். பிறகு நாதஸ்வரம். நான் ஒருத்தனை மறிச்சு விழுத்த, மேலை இருந்து றோசாப்பூ இதழ் கொட்டுது. என்ரை முகம் இதய வடிவத்துக்குள்ளை சுத்துது. நேரம் காணாதெண்டு கடைசியிலை போன வருசத் திருவிழாவிலை நாங்கள் சாமி காவினதையும் சேர்த்து விட்டிருக்கிறார். நான் பாக்காமலே அனுப்பிப்போட்டன்.

அந்தக் கல்லூரிப் பயிற்சியாளர் வீடியோக் கோல் எடுத்தார். மற்றதெல்லாம் சுமார் எண்டார். அந்தக் கடைசித் துண்டைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தாராம். என்ன பாரம், எவ்வளவு நேரம், மழையிலை தார் றோட்டிலை வெறுங்காலோடை ஏன் ஒருத்தனும் வழுக்கேல்லை, பின்னாலை நிக்கிறவன் இடறேக்கை நீ எப்பிடி முழங்காலை மடக்கி அந்தப் பாரத்தை வாங்கினனீ எண்டு கேள்வி மேலை கேள்வி. பிறகு, ஓகஸ்டிலை வந்திடு எண்டார்.

இதை வீட்டிலை சொன்ன அண்டைக்குத்தான் அப்பா வாயை மூடினவர். படிப்பை விட்டவன் இப்ப நாட்டையும் விடப்போறான், சனத்துக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிக்கிறார் போலை. நீங்கள் எடுத்துச் சொல்லுங்கோ. அங்கை படிப்பை விட்டா விளையாட ஏலாது, அதாலை நான் இந்த முறை முடிப்பன். காலையிலை மைதானத்திலை ஓட விட்டா வகுப்பிலை என்ரை கால் ஆடாது. நான் ஒரு இடத்திலை அசையாமல் நிக்கிறது ரெண்டு இடத்திலைதான் மாமி, ஒண்டு மைதானம், மற்றது கோயில்.

தங்கள் முழங்கால் படியேறும் பலம் பெறவும், கறிவேப்பிலை இக்குளிர்காலத்தையும் தாங்கவும் முருகனை வேண்டி அமைகிறேன்.

தங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகன்,
வினோஜன்

பி.கு: போன் எடுக்காதேங்கோ. கடிதத்தை ஒட்ட முதல் பொறுக்கேலாமல் நானே போய், படிப்பாலையோ கோவம் எண்டு கேட்டிட்டன். "ஆர் படிப்பைப் பற்றிக் கதைச்சது? ஓகஸ்டிலை திருவிழா. உன்ரை உயரத்துக்கு இந்தக் கொலோனிலை எனக்கொருத்தனைக் காட்டு பாப்பம்" எண்டார். ஒரு கிழமையா மனுசன் மனசுக்குள்ளை ஊரிலை உள்ள பெடியள் எல்லாரையும் அளந்துகொண்டு இருந்திருக்கிறார். ஜூலியனைக் கூப்பிட்டன். இப்ப கராஜுக்குள்ளை அவனும் நானும் ஏணியைத் தோளிலை வைச்சு நடந்து காட்டினம். வேட்டி அவிண்டாலும் பரவாயில்லை, தண்டை விடாதை எண்டு அப்பா அவனுக்கு ஜேர்மன் மொழியிலை பாடம் எடுக்கிறார். திருவிழா தொடங்கி முடியுமட்டும் மச்ச மாமிசம் சாப்பிடேலாது எண்டதுக்கு, சொசேஜும் மச்சமோ எண்டு அவன் கேட்டவன். அப்பாடை வேட்டி அவனுக்கு முழங்காலோடை நிக்குது, நீங்கள் வரேக்கை மாமாடை எட்டு முழத்தைக் கொண்டு வாங்கோ. பேனையை வைக்கிறன் மாமி, அப்பா சோறு வேணுமோ எண்டு கேக்கிறார். என்னட்டைத்தான், நேரை.